மோட்டார்க் கண்ணாடியில் ரங்கூன் பனி

விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் என் தங்கையும் அவள் குடியிருந்த தின்கன்ஜூனை விட்டுக் கிளம்பினோம். அங்கிருந்து ரங்கூன் கப்பல் துறைக்கு ஏறக்குறைய ஏழு மைல். மோட்டாருக்குக் கூலி மூன்று ரூபாய். சென்னைக் கப்பல் ஏழு மணிக்கு. மற்ற மாதமாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாமாம். இது மார்கழி.

நான் ஊர் பார்க்க ரங்கூன் போனவன் அல்ல. என் தங்கை காமாட்சியின் வீட்டுக்காரருக்கு அங்கே ரெயில்வேயில் வேலை. காய்ச்சலில் கிடக்கிறார் என்று கடிதம் வந்ததும் பழனிக்குப் போய் வேண்டிக்கொண்டு, ஒரு பொட்டலம் திருநீறு வாங்கி வந்து கப்பலேறினேன். நான் போய் இறங்கியதற்கு முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது. பூசுவதற்கு நெற்றி இல்லை. பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகன். எட்டு வயது. படிப்புக்காகத் திண்டுக்கல் பக்கத்தில் என் வீட்டில் இருக்கிறான். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன்தான் உட்கார வேண்டும். இந்தக் கப்பலை விட்டுவிட்டால் அடுத்தது போய்ச் சேருவதற்குள் பதினாறு கடந்துவிடும். “புள்ள தனியா உக்காரக் கூடாதுண்ணே” என்று முந்தின நாள் தங்கை சொன்னாள்.

மோட்டார்க்காரர் காதர் பாய். நாகூர்ப் பக்கத்து மனிதர். இருபது வருஷமாக ரங்கூன்வாசி. வண்டி பழைய போர்டு மோட்டார். கால் மைல் போவதற்குள் முன் கண்ணாடி முழுக்கப் பனி படிந்து சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிட்டது. பாய் கையை வெளியே விட்டு உள்ளங்கையால் தேய்ப்பார். ஒரு கோழிமுட்டை அளவுக்கு வழி தெரியும். பத்து எண்ணுவதற்குள் அதுவும் மூடிவிடும். கண்ணாடியின் மேல் பாதியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டலாமாம். ஆனால் திருகு துருவேறி அசைய மறுத்தது.

“உருளைக்கிழங்கைப் பாதியா வெட்டித் தேச்சு விட்டா பனி நிக்காதுண்ணே. நேத்து ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். எங்க வீட்டு மா மியா அதைக் குழம்புல போட்டுட்டா” என்றார்.

“பர்மாக்காரங்களா உங்க வீட்டில?”

“ஆமாண்ணே. குழம்பு மட்டும் நாகூர்க் குழம்பு.”

சிரிக்க வேண்டிய பேச்சுதான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒன்பது நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் எரிந்தது, திறந்தாலும் எரிந்தது.

ஐந்தே முக்காலுக்குப் பெரிய ஏரிக் கரைக்கு வந்தோம். தண்ணீருக்கும் சாலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எதிரில் ஒரு மாட்டு வண்டி முட்டுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பாய் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, “யா அல்லா!” என்றார். எங்களை ஏரியில் இறக்கிவிடப் போகிறாரோ என்று நான் கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நான் இறங்கினேன். கையில் அகப்பட்ட துண்டை எடுத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தேன். அந்தத் துண்டில்தான் பக்கத்து வீட்டு அம்மாள் கப்பலுக்கென்று புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். சோற்றை இலையோடு எடுத்து வண்டிக்குள் வைத்துவிட்டுத்தான் துடைத்தேன். நல்லெண்ணெய் துண்டில் ஊறியிருந்ததை நினைக்கவில்லை.

பாய் வண்டியிலிருந்த கைவிளக்கைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி முழுக்க எண்ணெய் வழிந்தது. ஒரு கடுகும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“கண்ணாடிக்குத் தாளிச்சு விட்டுட்டீங்களேண்ணே! முன்னாடி முட்டையளவாச்சும் தெரிஞ்சுது. இப்ப அதுவும் போச்சு!”

ஏரித் தண்ணீரை அள்ளி ஊற்றினார். எண்ணெய் போகிறதா? மணி ஆறாகிவிட்டது. “சாம்பல் ஒரு பிடி இருந்தாப் போதும், எடுத்துரலாம். இந்த இடத்துல அடுப்பு எங்கே இருக்கு?” என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்போது வண்டிக்குள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டது. “பொட்டலத்தை எடுண்ணே.”

எந்தப் பொட்டலம் என்று நான் கேட்கவில்லை. “அது சாமி திருநீறும்மா. மோட்டாருக்குப் பூசவா?” என்றேன்.

“வீட்டுல விளக்குச் சிம்னியை எதால துடைக்கிறோம்? திருநீறுலதானே? அதுக்கு முருகன் என்னைக்குக் கோவிச்சுக்கிட்டான்?”

பாய் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். “நான் தொடலைம்மா. அது உங்க சாமிது.”

“நீங்க விளக்கைப் பிடிங்க பாய், போதும்.”

பொட்டலத்தைப் பிரித்தேன். முதலில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, “முருகா, குத்தமா எடுத்துக்காதே” என்று சொல்லித்தான் அவளிடம் கொடுத்தேன். அவள் புடவைத் தலைப்பின் காய்ந்த முனையில் திருநீற்றைத் தொட்டு, விளக்குச் சிம்னியைத் துடைக்கிற அதே பக்குவத்தில் மூலையிலிருந்து வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு வந்தாள். எண்ணெயைத் திருநீறு வாங்கிக்கொண்டது. பிறகு வெறும் துணியால் ஒரு துடைப்பு. விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி பளிச்சென்று நின்றது.

“வேலைக்கு வர்றியாம்மா எங்கூட?” என்று பாய் கேட்டார். தங்கையின் உதட்டோரம் சற்றே அசைந்தது.

அதன் பிறகும் பனி படியத்தான் செய்தது. ஆனால் முன்போல் அப்பிக்கொள்ளாமல் நீராக வழிந்தது. டல்ஹவுசி தெருவைத் தாண்டி, சூலே பகோடா என்கிற புத்தர் கோயிலைச் சுற்றிக்கொண்டு துறைக்குப் போய் நின்றபோது ஏழு அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. தங்கை பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

கப்பல் அங்கேயே நின்றது. பனி விலகாமல் ஆற்றில் கப்பலை எடுக்க மாட்டார்களாம். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் மூன்று ரூபாய்க்கு மேல் ஒரு காசு வாங்க மறுத்துவிட்டார். “புள்ளைகிட்ட ரங்கூன் மாமு சலாம் சொன்னாருன்னு சொல்லும்மா” என்று சொல்லிப் போனார்.

ஒன்பதரைக்குப் பனி கலைந்தது. ஊருக்கு மேலே முதலில் ஷ்வேடகோன் கோபுரம் பொன்னாகத் தெரிந்தது. அப்புறம்தான் ஊர் தெரிந்தது. எங்கள் ஊரிலும் மார்கழியில் பனி உண்டு. பஜனை கோஷ்டி நாலு தெரு சுற்றி வருவதற்குள் அது போய்விடும். இப்படி ஒரு பட்டணத்தையே கட்டிப்போட்டு வைக்கும் பனியை நான் கண்டதில்லை.

கப்பல் நகர்ந்தது. தங்கை கோபுரத்தைப் பார்க்கவில்லை.

“மூணு வருஷமாச்சே. என்னை அடையாளம் தெரியுமாண்ணே அவனுக்கு?”

“தெரியாம என்ன?” என்றேன்.

பதினாறாம் நாள் பிள்ளைக்குப் பக்கத்தில் அவளையும் உட்கார வைத்து, கழுத்தில் இருப்பதைக் கழற்றுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குத்தான் அத்தனை ஓட்டம் ஓடி வந்தாள். பிள்ளை தனியாக உட்கார மாட்டான் என்கிற ஒன்றை முருகன் கொடுத்துவிட்டான். வேறு எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.