தேடினால் கிடைக்கிற மாதிரி

எங்கள் பாட்காஸ்டை யாரும் கேட்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. கேட்கிற அளவுக்கு நாங்கள் ஒன்றும் பேசிக் கிழித்துவிடவில்லை. வருத்தமெல்லாம் என் கணவருக்குத்தான். தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் மெக்கானிக் அவர். வேலை முடிந்து வந்து கை கழுவியதும், டீ கூடக் குடிக்காமல் போனைத் திறந்து எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்ப்பார். பெரும்பாலும் அவரே கேட்டதுதான் அதில் இருக்கும்.

பதிவெல்லாம் எங்கள் பழைய காருக்குள். நாங்கள் இருக்கிற லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டு டிவி நாலு வீட்டுக்குக் கேட்கும். மழை வந்தால் தகரக் கூரை யாரையும் பேசவிடாது. அதனால் காரைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருவோம். குளிரில் கண்ணாடி உள்பக்கம் வேர்த்து ஊற்றும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் முதலில் கவலைப்பட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷமான பிறகு யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள் என்றார் அவர். அதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்து ஆட்கள் யாராவது வந்து பின் சீட்டில் உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். நான் கேள்வி கேட்பேன். அவர் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, தலைப்பு வைத்துப் போடுவார். கோளாறு அந்தத் தலைப்பில்தான் இருந்தது. எங்கள் தோட்டத்தில் எந்தக் கதையும் ஆளின் பெயரில் தொடங்காது. எந்த இடத்தில் நடந்தது என்றுதான் தொடங்கும். தேயிலை மலைகளுக்கெல்லாம் நம்பர் உண்டு. ‘பதினேழாம் நம்பர்ல நடந்தது தெரியுமா?’ என்றால் இங்கே பாதிக் கதை சொன்ன மாதிரி. அவரும் அதே பழக்கத்தில் ‘பதினேழாம் நம்பர் மலை’, ‘பழைய ஸ்டோர் பின்பக்கம்’ என்றே தலைப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

“கோலாலம்பூர்ல இருக்கிறவன் எவன் பதினேழாம் நம்பர் மலைன்னு தட்டித் தேடப் போறான்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கேக்குறவன் எப்படியும் தேடிக் கேப்பான் லா,” என்றார்.

“இருக்குன்னே தெரியாதவன் எதைத் தேடுவான்?”

பதில் இல்லாதபோது கார் பேட்டரியைப் பற்றி ஏதாவது பேசுவது அவர் வழக்கம். அன்றும் அப்படித்தான் பேசினார்.

அக்கா எங்களிடம் வந்தது இதற்குப் பிறகுதான். அதே லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. தேயிலைத் தொழிற்சாலையில் தூளைப் பொட்டலம் போடும் பெக்கிங் பிரிவில் வேலை. அவள் கணவர் லோரி டிரைவர் என்பதால் எல்லோருக்கும் டிரைவர் வீட்டு அக்கா. பிறப்பால் அவள் சீனப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே, பிள்ளையில்லாத ஒரு தோட்டத்துத் தம்பதியிடம் கொடுக்கப்பட்டு வளர்ந்தவள். இந்த நாட்டில் இது அதிசயமில்லை. தோட்டத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார்கள். பள்ளிக்கூட வயதில் அவளைச் சீனத்தி என்று கேலி செய்ததாகச் சொல்வாள். நான் கல்யாணமாகி இங்கே வந்த காலத்தில் அப்படிச் சொல்ல யாருமில்லை. திருவிழாவில் பால்குடம் எடுப்பாள். சண்டை என்று வந்தால் அவள் வாயிலிருந்து வரும் தமிழுக்குத் தோட்டத்து ஆபீஸ் கணக்கர் கிராணியே ஒதுங்கி வழிவிடுவார்.

அவளை வளர்த்த அம்மா போன வருஷம் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். போவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். பெற்றவள் திரிங்காப் பக்கம் பூத்தோட்டம் வைத்திருந்தவள். புருஷன் செத்து, ஏற்கெனவே பெண் குழந்தைகளோடு திண்டாடியவள். கொடுத்த பிறகும் ஒவ்வொரு சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கும் காய்கறி லோரியில் ஏறி வந்து, தோட்டத்து வாசலுக்குக் கீழே பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவாளாம். உள்ளே வந்து கேட்டதில்லை. வளர்த்தவர் அதை எடுத்துவந்து, கடையில் வாங்கியதாகச் சொல்லிக் குழந்தைக்குக் கொடுப்பார். குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் ஒரு பெருநாளில் அங்கேயே காத்திருந்து, ‘இனிமேல் வராதே’ என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பை வரவில்லை.

அக்கா இதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

“போய் ஒட்டிக்கணும்னெல்லாம் எனக்கு ஆசையில்ல, தங்கச்சி. பழம் எனக்குக் கெடச்சுச்சு, நான்தான் தின்னேன், வராதேன்னு நான் சொல்லல. இதை மட்டும் அந்தம்மா காதுல போட்டுடணும். அது போறதுக்கு முந்தி. உங்க ரேடியோவுல போட்டா கேக்குமா?”

பாட்காஸ்டை அவள் கடைசிவரை ரேடியோ என்றுதான் சொன்னாள். திரிங்காப் எங்கள் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் அரை நாள் வேலைதான். நேராகப் போய் விசாரிக்கலாமே என்று கேட்டேன். அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். மலையெல்லாம் பிளாஸ்டிக் கூடாரம். எந்தக் கூடாரத்தில் நுழைந்து, என்னவென்று கேட்பது? ஒரு இடத்தில் பூ வாங்க வந்தவள் என்று நினைத்துக் கட்டு விலை சொல்லியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றைய பதிவு ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவள் அழுதாள், சிரித்தாள், நடுவில் வளர்த்த அம்மாவைத் திட்டினாள், உடனே அந்த அம்மாவின் மீன் குழம்பைப் பற்றிப் பேசி மறுபடி அழுதாள். என் கணவர் ஒன்றையும் வெட்டவில்லை. தலைப்பு மட்டும் ‘பஸ் ஸ்டாப் கம்பம்’ என்று வைத்தார்.

எனக்கு வந்த கோபத்தில் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அந்தப் பொம்பளை சாவதற்குள் இது அவளிடம் போய்ச் சேரவேண்டும், நீங்கள் கம்பத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கத்தினேன். ‘கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, என்னைப் பெற்ற அம்மாவைத் தேடுகிறேன்’ என்று நானே மாற்றினேன். கீழே திரிங்காப், பூத்தோட்டம், தத்து, ஆரஞ்சு என்று தேடக்கூடிய சொல் எல்லாவற்றையும் போட்டு விவரம் எழுதினேன். முகப்பில் இருந்த தேயிலைச் செடிப் படத்தை எடுத்துவிட்டு அக்காவின் முகத்தைப் போட்டேன்.

பகிர்வது அடுத்த தலைவலி. லிங்க் அனுப்பினால் எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். தொட்டால் பேங்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. எங்கள் லயத்திலேயே ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவர் அழகான இடங்களாக வெட்டி, வாட்ஸ்அப்பில் நேராகக் கேட்கிற மாதிரி சின்னச் சின்ன ஆடியோவாக்கினார். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘முழுசா கேக்கணும்னா இந்தப் பேரைத் தட்டுங்க’ என்று என் குரல். கோயில் கமிட்டி குரூப், தமிழ்ப் பள்ளி பழைய மாணவர் குரூப், தேவாலயத்துப் பெண்கள் குரூப், ரிங்லெட்டில் முடிதிருத்தும் கடையில் கியூஆர் ஒட்டியது என்று ஒன்றும் மிச்சமில்லை. தானா ராத்தாவில் நான் வேலை பார்க்கும் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையிலும் அக்காவின் படத்தோடு ஒன்றை ஒட்டினேன். முதலாளி பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்.

பரவியது. ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் எழுதினார்கள். அழுதோம் என்றார்கள், அந்த அம்மா கிடைக்க வேண்டிக்கொள்கிறோம் என்றார்கள். என் கணவர் போனைக் கீழே வைக்கவேயில்லை. நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. திரிங்காப்பிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அக்கா தினமும் வேலைக்குப் போகும்போது எங்கள் வாசலில் நின்று கையை மட்டும் விரித்துக் கேட்பாள். நான் இல்லையென்று தலையாட்டுவேன். ஒரு பேச்சும் பேசாமல் போவாள். அவள் பேசாமல் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் விடுதிக்குக் காய்கறி கொண்டுவந்து போடுவது ஒரு சீனப் பெண்மணி. கீரைக் கட்டுகளை இறக்கிவிட்டுக் கையெழுத்துக்காக மேசைக்கு வந்தவள் அந்தப் படத்தைப் பார்த்து, யார் இது, நம் ஆள் முகமாக இருக்கிறதே, நெற்றியில் பொட்டு இருக்கிறதே என்று மலாயில் கேட்டாள். ஆமாம், சீனப் பெண்தான், பெற்ற அம்மாவைத் தேடுகிறாள் என்றேன். ஐயோ பாவம் என்று போனை எடுத்து கியூஆரைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

நான் மேசையில் ஒட்டியிருந்ததைத் திரும்பப் படித்தேன்.

தலைப்பு தமிழ். விவரம் தமிழ். பேச்சு தமிழ். போன குரூப் எல்லாம் தமிழ். காலமெல்லாம் பூத்தோட்டத்தில் வேலை செய்த ஒரு சீனக் கிழவி தமிழில் தட்டித் தேடி, தமிழில் கேட்டு, தமிழில் அழுவாள் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். நாங்கள் மட்டுமில்லை. அனுப்பிய தோட்டத்து ஆட்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“அக்கா சீனத்திங்கிறதே மறந்துபோச்சு லா,” என்றார்.

அக்காவுக்கே மறந்துபோயிருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. சீனம் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது என்பதால், மலாயில் ஒருமுறை பேசு அக்கா என்று காரில் உட்கார வைத்தோம்.

“எனக்கு மலாயில அழ வராது, தங்கச்சி,” என்றாள்.

வரவில்லைதான். அவளுக்குத் தெரிந்தது சந்தை மலாய். கீரை என்ன விலை, குறைத்துக் கொடு என்கிற குரலிலேயே, என்னைக் கொடுத்தீர்கள், பழம் கிடைத்தது, சாப்பிட்டேன், வராதே என்று நான் சொல்லவில்லை என்று சொல்லி முடித்துவிட்டாள். சுடுதண்ணீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. காய்கறிப் பெண்மணி அதற்குச் சீனத்தில் தலைப்பு எழுதிக் கொடுத்தாள். தன் விவசாயிகள் குரூப்பிலும் லோரிக்காரர்களிடமும் போட்டாள். இதன் நீளமான பதிவு வேறு மொழியில் இருக்கிறது என்று எங்கள் தமிழ்ப் பதிவின் லிங்க்கையும் கீழே சேர்த்தாள். அது எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

பிறகு சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் என் கணவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தமிழ்ப் பதிவு திரும்பவும் ஓட ஆரம்பித்திருக்கிறது, அதுவும் தினமும் காலையில், முதலிலிருந்து கடைசிவரை, ஒரே ஆள் கேட்கிற மாதிரி தெரிகிறது என்றார். செயலியில் ஏதோ கோளாறு என்று அவரே முடிவுகட்டி, அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுத உட்கார்ந்தார்.

புகார் போவதற்குள் காய்கறிப் பெண்மணி வேகமாக விடுதிக்குள் நுழைந்தாள். அன்று கீரை இறக்கவில்லை. ஒரு போன் நம்பரைக் கொடுத்தாள். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கிற ஒரு பெண்ணுடையது. அவளுடைய அம்மா ஒவ்வொரு பெருநாளுக்கும் ஆரஞ்சுப் பையோடு லோரி ஏறிப் போனது அவளுக்கு நினைவிருக்கிறதாம்.

அக்காவின் வீட்டில் உட்கார்ந்து, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்துப் பேசினோம். அந்தப் பக்கம் மூத்த மகள், மலாயில். அம்மா விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் இருக்கிறார். மலாய்ப் பதிவைத் தான்தான் கேட்டுச் சீனத்தில் சொன்னதாகச் சொன்னாள். பழம் கிடைத்தது என்றதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அடுத்த நாள் காலையில், கீழே இருந்த அந்த இன்னொன்றை, தமிழ்ப் பதிவை, போடு என்றாராம்.

“புரியாதேம்மா, அதுவும் இதையேதான் சொல்லுதுன்னு சொன்னேன். இது நீளமா இருக்கு, போடுங்கிறாங்க,” என்றாள் அவள். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவளுக்கு அது முன்பே புரிந்திருந்தது. “தினமும் கேக்குறாங்க. என் தங்கச்சி சிரிக்கிற இடத்துல அவங்களும் சிரிக்கிறாங்க,” என்றாள் மூத்தவள்.

பிறகு அம்மாவிடம் கொடுக்கிறேன் என்றாள். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. மூச்சு மட்டும் வந்தது. அக்கா மலாயில் ஒரு வார்த்தைக்கு வாயைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்தாள். வரவில்லை. எங்களைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு, காலையில் என்ன சமைத்தாள் என்பதிலிருந்து, தமிழிலேயே பேச ஆரம்பித்தாள். வெகுநேரம் பேசினாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் குறுக்கே பேசவில்லை.