கிரேக்கரின் வாசலில் அப்பாவின் சப்பாத்துகள்

பின்னேரம் மூன்று ஐம்பது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மூன்றாம் மாடிக்கு ஏறியபோது முதலில் கண்டது அப்பாவின் றப்பர் சப்பாத்துகளை. அவை எங்கள் வாசலில் இல்லை. பக்கத்து வீட்டுக் கிரேக்கரின் வாசலில், குதிகள் ஒட்டியபடி ஒழுங்காக நின்றன. மீன் தொழிற்சாலையில் அப்பாவுக்கு ஆறு மணிக்குத்தான் வேலை முடியும். சப்பாத்துகளில் ஒரு செதில்கூட ஒட்டியிருக்கவில்லை. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

மார்கழியில் எங்கள் டேனிஷ் நகரமான எஸ்பியர்க் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். எங்கள் படிக்கட்டு விளக்கு, குமிழை அழுத்தினால் எரிந்து கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிற வகை. நான் பைக்குள் கதவுத் திறப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அணைந்தது. அந்த இருட்டில், கிரேக்கரின் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டார்:

“பிள்ளை, சாப்பிட்டியோ?”

அம்மாவை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் வந்திருந்தோம். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். பதில் வந்தது. தூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவதுபோல ஓர் ஆண் குரல்.

எனக்கு அப்போது எட்டு வயது. நான் பயப்படவில்லை. அந்தக் குரல் எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று.

அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டுதான் முதலில் டென்மார்க்குக்கு வந்தார். எங்களுக்கு முன்பே வந்திருந்த சித்தப்பாவோடு தங்கினோம். தம்பி அப்போது பால்குடி. அவனையும் அம்மாவையும் பிறகு கூப்பிடுவதாக ஏற்பாடு. அப்பா விண்ணப்பம் கொடுத்தார். குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்கள் ஒன்றும் நகராத காலம் அது. சட்டப்படி நகர்ந்திருக்க வேண்டியவை. அவற்றை நிறுத்திவைத்த விவகாரம் பிற்பாடு தமிழர் வழக்கு என்ற பெயரில் ஓர் அரசையே கவிழ்த்தது. அந்த நேரம் எங்கள் வீட்டில் தெரிந்ததெல்லாம் ‘கோப்பு கிடக்குது’ என்ற இரண்டு சொற்கள்தான். கிடக்கட்டும், ஓடித்தொலையாமல் கிடக்குதே என்பார் சித்தப்பா.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடையே கடிதத்தைவிடக் கசெற் அதிகம் போய்வந்தது. ஒரு பக்கத்தில் இங்கிருந்து பேசி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். மறுபக்கத்தில் அங்கிருந்து பேசி, அதே கசெற்றைத் திருப்பி அனுப்புவார்கள். அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்ல இடம் விட்டுப் பேசாமல் இருப்பார்.

“அண்ணி இதை ரெலிபோன் எண்டு நினைச்சுக்கொண்டு கதைக்கிறா” என்று சித்தப்பா பகிடி பண்ணுவார். நான் அந்த இடைவெளிகளில் கசெற் மெசினைப் பார்த்துப் பதில் சொல்வேன். சில வேளை அம்மா “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். அது நான் சொன்னதற்கான சரி என்றே நம்பினேன்.

கிரேக்கர் அப்பாவோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்தார். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர், ஆனால் தலை முழுக்க நரை. சித்தப்பா அவரைக் ‘கிரேக்கண்ணை’ என்று கூப்பிடுவார். மூவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த டேனிஷ் மட்டும். அதிலும் உடையாத டேனிஷ் என்னிடம்தான் இருந்தது. எனவே அவர் கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது என் வாய் வழியாக.

அவர் இளம் வயதில் ஏதென்ஸில் ஒரு றொக் இசைக்குழுவில் மேளம் அடித்தவர். அந்த நாட்டின் முதல் குழுக்களில் ஒன்று. மின்சாரக் கிற்றாரைப் படத்தில் பார்த்து ஒரு தச்சன் செய்து கொடுத்தானாம். ஒலிபெருக்கியை ஒரு றேடியோ திருத்துகிறவர், பழைய றேடியோப் பெட்டிக்குள் கட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், படம் தொடங்குமுன் சினிமாக் கொட்டகைகளில் நாலைந்து குழுக்கள் மாறி மாறி வாசிக்கும். எல்லாரும் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு, அர்த்தம் தெரியாத ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினார்கள். இவர்களுடைய பாடகன் ஒருநாள் கிரேக்க மொழியில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தான். தாளமும் அவர்களின் ஊர்த் தாளம், ஒன்பது தட்டு. நொண்டுகிறவன் நடப்பது போல இருக்கும்.

“நாங்கள் சிரித்தோம். கிரேக்க மொழியில் றொக் பாடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாடி முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை” என்றார் கிரேக்கர்.

பிறகு இராணுவத்தின் கேணல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். பாட்டு வரிகளைக் கொண்டுபோய் அனுமதி எடுக்க வேண்டும். நீளமாக முடி வைத்தவனைப் பிடித்து வெட்டிவிடுவார்கள். குழு கலைந்தது. இவர் வடக்கே வந்தார். அந்தப் பாட்டு இசைத்தட்டாக வரவேயில்லை. ஒரு நிலவறையில் ஒத்திகை பார்த்தபோது பதிந்தது மட்டும் மிஞ்சி, பிறகு ஒரு கசெற்றுக்கு மாற்றப்பட்டது. அந்த ஒரே கசெற்றைத்தான் அவர் எங்களிடம் கொண்டுவந்தார். அவருடைய மெசின் பழுது. எங்கள் மெசினில் கேட்டோம். “நல்லாக் கேளுங்கள்” என்று கசெற்றை எங்களிடமே விட்டுப் போனார்.

“ஆரோ கிணத்துக்குள்ளை விழுந்து கத்திறான்” என்று சித்தப்பா கருத்துச் சொன்னார்.

ஒரு கசெற்றின் முதுகில், இரண்டு மூலைகளிலும் சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதில் மேற்கொண்டு பதிய முடியாது. அழிக்காதே என்பதற்கு அதுதான் அடையாளம். கிரேக்கரின் கசெற்றில் இரண்டு பற்களும் உடைக்கப்பட்டிருந்தன. ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பல் உடைந்த கசெற் என்றால் கடையில் வாங்கிய பாட்டுக் கசெற், நல்ல ரகம். ஓட்டைக்குள் கடதாசி அடைத்தால் அருமையாகப் பதியும். எங்கள் வீட்டில் இருந்த பாதி கசெற்றுகள் கடதாசிப் பல் கட்டியவை.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். கடைகள் பூட்டியாகிவிட்டன. மறுநாள் காலை கொழும்புக்குப் போகிறவர் எங்கள் வாசலில் மேற்சட்டையைக் கழற்றாமலே நிற்கிறார். வீட்டில் வெறுங் கசெற் இல்லை. சித்தப்பா கிரேக்கரின் கசெற்றை எடுத்தார்.

“அது அந்தாளின்ரை சாமானல்லோ” என்றார் அப்பா.

“ஒரு பக்கத்திலைதான் அண்ணை பாட்டு. மற்றப் பக்கம் வெறுமை. நீங்கள் அதிலை கதையுங்கோ. அண்ணி கேட்டிட்டுத் திருப்பி அனுப்பப் போறா. அந்தாளின்ரை பாட்டு கொழும்பு பார்த்திட்டு வரட்டுமன்.”

பழக்கதோஷத்தில் சித்தப்பா இரண்டு ஓட்டைகளையும் அடைத்தார். அப்பா பேசினார். நானும் பேசினேன். பாட்டு இருக்கிற பக்கத்தில் ஒன்றும் பதிய வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பின் எங்கள் வீடு ஒளித்துப் பிடித்து விளையாடுகிற வீடாகியது. படிக்கட்டில் கிரேக்கரின் காலடி கேட்டால் சித்தப்பா விளக்கை அணைப்பார். கடைசியில் ஒருநாள் அவர் நேரே கேட்டுவிட்டார். அப்பா என் தோளில் கைவைத்து, “சொல்லு பிள்ளை, கசெற் இலங்கையிலை எண்டு” என்றார். சொன்னேன்.

கிரேக்கர் கேட்டார்:

“அங்கே அவன் பாடுவதைக் கேட்கிறார்களா?”

மொழிபெயர்த்தேன். “ஓம் எண்டு சொல்லு” என்றார் சித்தப்பா.

“அவனுக்கு வெளிநாட்டில் பாட ஆசை இருந்தது” என்றார் கிரேக்கர்.

கசெற் கார்த்திகைக் கடைசியில் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் கொழும்பில் மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்தாராம். கிரேக்கரையும் கூப்பிட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். வெளியே மூடுபனி. துறைமுகத்தின் ஊதுகுழல் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது.

பாட்டு இருந்த பக்கத்தைப் போட்டார் அப்பா. அம்மா பேசினார்.

“கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெடியனைச் சைக்கிள் மிதிக்கச் சொல்லி, டைனமோவிலைதான் இதைப் பதியிறன். அவன் களைச்சால் நானும் நிப்பன்.”

சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்டது. பெடியன் வேகமாக மிதிக்கும்போது அது அம்மாவின் குரல். அவன் தளர்ந்தபோது பதிந்த இடங்களில் அம்மாவின் குரல் மேலேறி, மெலிந்து, என் வயதுப் பிள்ளையின் குரலாகியது. பிறகு மெல்ல இறங்கி அம்மாவாகியது.  அப்பாவின் நாற்காலிக்கு அருகே போனேன்.

“பிள்ளை, சாப்பிட்டியோ?”

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். எனக்கு முன் வேறொருவன் தொடங்கிவிட்டான். அந்த மெலிந்த மின்சாரத்தால் பழைய பாட்டை முழுதாக அழிக்க முடியவில்லை. அம்மா பேசும்போது அது அடங்கிக் கிடந்தது. அம்மா நிறுத்தியதும் எழும்பியது.

“குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போறனியோ?”

பாட்டு.

“தம்பி உன்ரை படத்துக்குக் கொஞ்சிறவன், தெரியுமோ?”

பாட்டு.

கிரேக்கரின் விரல்கள் மேசை விளிம்பில் தட்டின. மேளம் கேட்பதற்கு ஒரு கணம் முந்தியே தட்டின. “இது நான்” என்றார். பாட்டு எழும்பியபோது, “இது அவன்” என்றார். அம்மா ஒவ்வொரு முறை பேசத் தொடங்கும்போதும் அவர் விரல்கள் அந்தரத்தில் நின்றன. அவருக்கு இடைவெளிகள் வேண்டும். எனக்குச் சொற்கள் வேண்டும்.

கடைசிக் கேள்வி அப்பாவுக்கு.

“இஞ்சருங்கோ, எங்களை எப்ப கூப்பிடுவியள்?”

அதன் பின் அம்மா பேசவில்லை. சங்கிலி மட்டும் ஓடியது. அந்த நீண்ட இடைவெளியில் பாட்டு தன் முடிவுவரை போனது. பாடகன் ஒரு சொல்லை நெடுநேரம் இழுத்தான். கசெற் முடிந்து மெசின் ‘டக்’ என்று நின்றது.

அந்தப் பாடகன் இப்போது எங்கே என்று கிரேக்கரிடம் கேட்டேன்.

“இறந்துவிட்டான்.” மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் சித்தப்பா தன் நாற்காலியை மெசினிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். எனக்குள் சின்னதாக ஒரு பெருமை எழுந்தது. அந்தக் கசெற்றில் இரண்டு குரல்கள். எங்கள் குரல் உயிரோடிருக்கிறவரின் குரல்.

அன்று கசெற் யாருக்கு என்று பிரச்சினை வந்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

“கசெற் என்னுடையது” என்றார் கிரேக்கர்.

“குரல் என்ரை மனிசியின்ரை. அவ வந்து இறங்கட்டும். அண்டைக்கே குடுக்கிறன் எண்டு சொல்லு.” அப்பா மெசினின் மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் அப்படி ஒன்றை விடாமல் பிடித்து நான் பார்த்ததில்லை. முடிவில், கசெற் எங்கள் வீட்டில் இருப்பதென்றும் கிரேக்கர் வெள்ளிக்கிழமைகளில் வந்து கேட்பதென்றும் ஒத்துக்கொண்டார்கள். மற்ற நாட்கள் என்னுடையவை. பள்ளி விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே மெசினைப் போடுவேன். அம்மா கேட்பார். அவன் முந்திவிடாதபடி வேகமாகப் பதில் சொல்வேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தவர் சித்தப்பா. பிறகு அப்பா வாங்கிக் கேட்டார். தொலைபேசியைக் கீழே வைத்தார். என்ன என்று கேட்டேன். “கோப்பு விசயம்” என்றார் சித்தப்பா.

திங்கட்கிழமை வந்து பார்த்தபோது மெசின் இருந்த இடத்தில், தூசிக்கு நடுவே ஒரு சுத்தமான சதுரம் இருந்தது. கசெற்றும் இல்லை.

“கிரேக்கரிட்டைக் குடுத்திட்டன்” என்றார் அப்பா. “அந்தாளின்ரைதானே.”

“மெசின்?”

“அவரிட்டை மெசின் இல்லையல்லோ.”

நான் அழுதேன், சாப்பிடமாட்டேன் என்றேன். அம்மா வந்து இறங்கிய பிறகுதான் கொடுப்பேன் என்று சொன்னவர் நீங்கள்தானே என்று கேட்டேன். அப்பா என் தட்டிலிருந்த சோற்றைக் குழைத்து, எனக்கு ஊட்டிவிட்டார். நான் ஊட்டிச் சாப்பிடுகிற வயதைத் தாண்டியிருந்தேன்.

அந்த வாரத்தில்தான் சப்பாத்துகளைக் கிரேக்கரின் வாசலில் கண்டது.

இருட்டில், கிரேக்கரின் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு அந்தப் பாடகன் எழும்பினான். மேசையில் விரல் தட்டுகிற சத்தம். அவற்றோடு, முன்பு இல்லாத மூன்றாவது குரல் ஒன்று.

“தம்பி உன்ரை படத்துக்குக் கொஞ்சிறவன், தெரியுமோ?”

“ஓம்” என்றார் அப்பா. “ஓம்.”

கடைசிக் கேள்வி வந்தது. அதற்கு அப்பாவின் குரல் கேட்கவில்லை. பாடகன் அந்தச் சொல்லை நெடுநேரம் இழுத்தான். மெசின் நின்றது. சிறிது நேரம் கழித்து, யாரோ கசெற்றைப் பின்னுக்குச் சுற்றினார்கள்.

உள்ளே போய்ச் சித்தப்பாவிடம் கோள்மூட்டினேன். “அப்பா வேலைக்குப் போகேல்லை. கிரேக்கரோடை இருந்து பாட்டுக் கேக்கிறார்.”

“ஓம் பிள்ளை. கொப்பாவுக்கு இப்ப கிரேக்கப் பாட்டெண்டால் உயிர்” என்றார் சித்தப்பா. அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, அடுப்பில் ஒன்றுமில்லாமல் அகப்பையைப் பிடித்திருந்தார்.

கோப்பு விசயம் என்றதை நம்பியதுபோல அதையும் நான் நம்பினேன். வகுப்பில், என் அப்பாவுக்குப் பிடித்த இசை எது என்று ஆசிரியை கேட்டபோது கிரேக்க றொக் என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அனுமதி மாசியில் வந்தது. அதில் அம்மா, தம்பி என்று இரண்டு பெயர்கள் இருந்தன. வைகாசியில் கிரேக்கர் தன் பழைய வான் வண்டியில் எங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். நான் அம்மாவுக்கென்று ஒரு கம்பளித் தொப்பியை மடியில் வைத்திருந்தேன்.  வழி முழுக்கக் கிரேக்கரின் விரல்கள் ஸ்டியறிங்கில் தட்டிக்கொண்டு வந்தன. கண்ணாடிக் கதவு திறந்து, நீலச் சீருடை போட்ட விமானப் பணிப்பெண் ஒருத்தி வெளியே வந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி தனியாக வந்தான்.