ஜெயவேலு சாரும் எங்கள் கடைப் படியும்

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் முதல் பஸ்ஸில்தான் எங்கள் ஓட்டலுக்குப் பால் வரும். போன வெள்ளிக்கிழமை பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல் உடனே கிளம்பாமல் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார். "ஜெயவேலு சார் போயிட்டாரும்மா. நேத்து சாயந்தரம், நாற்காலியில உக்காந்தபடியே" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "கடைசியா என்ன கேட்டுக்கிட்டிருந்தாரு?" என்பதுதான். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பால்காரரும் ஆச்சரியப்படவில்லை. "வீட்டம்மாவைக் கூப்பிட்டு, இந்த வேப்பமரத்துல மட்டும் காக்கா ஏன் உக்கார மாட்டேங்குதுன்னு கேட்டாராம். அவங்க அண்ணாந்து பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள ஆள் இல்ல." அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கடை ஆள் ஏழுமலையைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திருவண்ணாமலையில் ஓட்டல் நடத்துகிறவர்களில் பாதிப் பேராவது அவரிடம் நோட்டீஸ் வாங்கியிருப்போம். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக அவர் வந்தபோது எழுபதுகள் பாதி ஓடியிருந்தன. வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, சைக்கிள். மற்ற அதிகாரிகள் சமையல்கட்டுக்குள் மூக்கை மட்டும் நீட்டிவிட்டுப் போவார்கள். இவர் மாவு ஆட்டுகிறவனிடம் உட்கார்ந்து கால்மணி நேரம் பேசுவார். அவன் என்னவோ ஏதோ என்று நடுங்குவான். அவருக்கு உளுந்து ஏன் பொங்குகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் என்னிடம் அவர் கேட்ட கேள்விக்கு நான் அவரைத் துரத்தியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தெருவில் அப்போது எந்தக் கடையிலும் பெண்பிள்ளை கல்லாவில் உட்கார்ந்ததில்லை. வந்தவர் என்னைப் பார்த்து, "இங்க நீங்க உக்காரலாம்னு யாரும்மா சொன்னாங்க?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரும் சொல்லல. உக்காரக்கூடாதுன்னுதான் நெறய பேர் சொன்னாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "எங்க உக்காரணும்னு சொன்னாங்க?" என்று அடுத்ததைக் கேட்டார். கிண்டல் இல்லை, அதிகாரம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சமையல்கட்டுல" என்றேன். "அங்க சூடு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கடை மாமனார் பேரில் இருந்தது. என் கொழுந்தனார் பக்கத்திலேயே துணிக்கடை வைத்திருந்தார். ஓட்டலையும் அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரியவர்கள் கூடிப் பேசி அவரிடம், "அவ நடத்தட்டும், ஆனா கடைப் பேருக்கு ஒரு கெட்ட பேச்சு வந்துச்சுன்னா உன்னுது" என்று முடித்திருந்தார்கள். எனவே கெட்ட பேச்சுக்காக என் கொழுந்தனார் தினமும் காத்திருந்தார். சாம்பாரில் ஒரு முடி கிடந்தால் போதும், நான் சமையல்கட்டுக்கூட இல்லாமல் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போது கல்லாப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பில் வெந்நீர் வைத்திருப்போம். நாய் வாசலுக்கு வந்தால் ஏழுமலை எடுத்து வீசுவான். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம், இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருநாள் ஜெயவேலு சார் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது. நாய் கத்திக்கொண்டு ஓடியது. அவர் எழுந்து வந்து, "இது எவ்ளோ சூடு?" என்று சொம்பைக் காட்டிக் கேட்டார். ஏழுமலை, "நெறய சூடு சார்" என்றான். அவர் மீதியிருந்த தண்ணீரில் நடுவிரலை விட்டார். முகம் சுருங்கியது. விரலை எடுத்துப் பார்த்து, "ஆமா, சூடுதான்" என்று சொல்லிவிட்டுப் போய் மீதிக் காபியைக் குடித்தார். ஒரு வார்த்தை புத்திமதி சொல்லவில்லை. மறுநாள் அந்த விரலில் கட்டு இருந்தது. அதற்குப் பிறகு ஏழுமலை தானாகவே தண்ணீரை ஆறவைத்து வைக்க ஆரம்பித்தான்.

அவரை நாய்ப்பிரியர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறிநாய் கடித்த ஒருவர் தண்ணீரைப் பார்த்து அலறியதை அவர் ஆஸ்பத்திரியில் நின்று பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கேள்வி வராது.

கூட்டாளி வந்தது அதற்கும் அடுத்த வருஷம். அவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவார். அப்போதெல்லாம் இன்றைய கூட்டம் கிடையாது. அடி அண்ணாமலையில் ஒரு செவலை நாய் அவரோடு சேர்ந்து நடந்தது. மலை சுற்றுகிறவர்களோடு நாய் சேர்ந்துகொள்வது நம் ஊரில் புதிதா என்ன. ஆனால் இது சுற்றி முடித்த பிறகும் போகவில்லை. அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடிவர ஆரம்பித்தது. "உங்க நாயா சார்?" என்று கேட்டால், "இல்லம்மா. கூட நடக்குது, அவ்ளோதான். கூட்டாளி" என்பார். அதுவே பேராகிவிட்டது.

நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். "சார், நீங்க வரலாம். அது வரக்கூடாது." அவர், "ஏன்னு கேக்கலாமா?" என்றார். கொழுந்தனார் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இது சரியான காரணம். மத்தவங்க சொல்றதுதான் புரியல" என்றார். வாசலில் ஒற்றைக் கல்படி உண்டு. அதற்குக் கீழே தெருவில் கூட்டாளியை உட்காரச் சொன்னார். அது உட்கார்ந்தது. அன்றிலிருந்து அவர் உள்ளே காபி குடித்து முடிக்கும்வரை அது அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

'மத்தவங்க சொல்றது' என்று அவர் சொன்னது அவரைப் பல மாதம் பிடித்து ஆட்டியது. "மலைப் பாதையில அது பைரவர்னு கும்புடறாங்க, சித்தர்னு சொல்றாங்க. அதே நாயைக் கடை வாசல்ல பாத்தா ச்சீங்கறாங்க. எந்த எடத்துல மாறுது?" இதைக் கண்டுபிடிக்கவே அவர் அந்த நாயோடு நாலைந்து பௌர்ணமி நடந்தார். யார் எங்கே கும்பிடுகிறார்கள், யார் எங்கே கல்லெடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வருவார். முடித்துவிட்டு என்னிடம் வந்து சொல்வார். "குபேர லிங்கம் வரைக்கும் சாமிதாம்மா. ஈசான்ய லிங்கம் தாண்டி ஊருக்குள்ள வந்தா யாரும் பாக்கறதில்ல, சாமியும் இல்ல, நாயும் இல்ல. மாறுற எடம் உங்க படிதான்." எனக்கு வேலை நேரத்தில் இதெல்லாம் கேட்கப் பொறுமை இருக்காது. "படியப் பேத்துடட்டுமா சார்?" என்றேன். "வேணாம். அப்புறம் எங்க மாறுதுன்னு மறுபடியும் தேடணும்" என்றார்.

ஒரு பௌர்ணமி காலையில் வேலூர்க் குடும்பம் ஒன்று இட்லி சாப்பிட வந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா வாசலைப் பார்த்து முகம் சுளித்தார். "சாப்புடற எடத்துல நாய் நிக்குது. தொரத்த மாட்டீங்களா?" ஜெயவேலு சார் அடுத்த மேஜையில் இருந்தார். "நீங்க அடி அண்ணாமலையில பன்னு வாங்கிப் போட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டது இதுக்குத்தாங்க" என்றார் மெதுவாக. அந்தம்மா எட்டிப் பார்த்தார். "அதுவா இது? அங்க அது பைரவருங்க. இது சாப்பாட்டுக் கடை." "சரிங்க. எந்த எடத்துல மாறிச்சுன்னு ஞாபகம் இருக்கா?" நான் தலையில் அடித்துக்கொண்டேன், வந்த கிராக்கியும் போச்சு என்று. ஆனால் அந்தம்மா கோபப்படவில்லை. இட்லியைப் பிட்டபடியே யோசித்தார். "செருப்பு மாட்டினப்புறம்னு நெனைக்கிறேன்" என்றார். ஜெயவேலு சார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டாவது காபி வாங்கிக் குடித்தார்.

அடுத்த கோடையில் பக்கத்துக் கிராமத்தில் வெறிநாய் கடித்து ஒருவர் இறந்துபோனார். ஊரே பயந்தது. கழுத்தில் லைசன்ஸ் வில்லை கட்டாத நாய்களைப் பிடிக்க உத்தரவு வந்தது. பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வராது. நாய் பிடிக்கிற வண்டியோடு போகவேண்டிய அதிகாரி ஜெயவேலு சார். வண்டி எங்கள் தெருவுக்கு வந்தபோது மத்தியானம். இரண்டு ஆட்கள் கம்பிச் சுருக்கோடு நடந்தார்கள், பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர். அவருக்குப் பின்னால், வாலை ஆட்டிக்கொண்டு கூட்டாளி. கழுத்தில் ஒன்றுமில்லை. தன் நாய் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர் வில்லை வாங்குவாரா?

ஆட்கள் அதைத் தொடாமல் போகப் பார்த்தார்கள். என் கொழுந்தனார் துணிக்கடையிலிருந்து இறங்கி வந்தார். "ஏழைங்க நாயின்னா வண்டி. சார் நாயின்னா சும்மாவா?" தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கேட்டது நியாயமான கேள்விதான், கேட்டவர்தான் சரியில்லை. ஜெயவேலு சார் நின்றார். எப்போதும் கேட்கிற மனிதர், அன்று அவரிடம் பதில் கேட்டார்கள். "என் நாயின்னு சொன்னா, வில்லை இல்லாம வெச்சிருந்தேன்னு ஆவுது. என்னுது இல்லன்னா..." என்று முனகினார். சுருக்கு வைத்திருந்தவனைப் பார்த்துக் கையைத் தூக்கப் போனார். 'பிடி' என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட மனிதர் அவர்.

எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று இன்றும் தெரியாது. கல்லாவிலிருந்தே, "கூட்டாளி, உள்ள வாடா" என்று கூப்பிட்டேன். அது ஓடிவந்தது. படிவரைக்கும் வந்து நின்றுவிட்டது. "வாடா" என்றேன். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்ததே தவிர ஏறவில்லை. அத்தனை நாள் ஏறாதே என்று பழக்கிவிட்டு இப்போது வா என்றால் அதற்கென்ன தெரியும். நான் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போனேன். நடுத்தெருவைப் பார்த்தபடி அந்தப் படியில் உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "இது எங்க கடை நாயி. வில்லை வாங்காதது என் தப்பு. நாளைக்கு வாங்கிடறேன், அபராதம் போட்டா கட்டிடறேன்" என்றேன். அதன் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டது. ஜெயவேலு சார் கையைக் கீழே இறக்கினார். "எழுதிக்கறேன்" என்று மட்டும் சொன்னார். வண்டி நகர்ந்தது.

கொழுந்தனார் காத்திருந்த கெட்ட பேச்சை நானே வாயால் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், ஓட்டலில் நாய் வளர்க்கிறாள் என்று. புகார் என்று வந்தால் சோதனை போட வேண்டியவரும் ஜெயவேலு சாரே. வந்தார். அபராத ரசீதை முதலில் நீட்டினார், கட்டினேன். வில்லையைக் கூட்டாளி கழுத்தில் நானே கட்டினேன். பிறகு சமையல்கட்டில் ஒரு மூலை விடாமல் பார்த்தார். வெளியே வந்து, "சமைக்கிற எடத்துலயும் சாப்புடற எடத்துலயும் நாய் இருக்கக்கூடாது. அங்க இல்ல. படியில இருக்கு" என்றார். உண்மையில் அது முன்கால் இரண்டையும் படியில் வைத்து, பின்கால் தெருவில் இருக்கப் படுத்திருந்தது. முதல்நாள் நான் உட்கார்ந்ததைப் பார்த்து அவ்வளவு தைரியம் வந்திருக்கிறது அதற்கு.

"படி கடையில சேந்ததுதானே சார்?" என்றார் கொழுந்தனார்.

ஜெயவேலு சார் குனிந்து படியைப் பார்த்தார். பிறகு அதே வரிசையில் துணிக்கடைப் படியையும் பார்த்தார். "அதான் எனக்கும் தெரியல. கடையில சேந்ததுன்னா, ரோட்டுல கட்டியிருக்கீங்கன்னு ஆவுது. இந்த வரிசை முழுக்க இடிக்கணும். ரோட்டுல சேந்ததுன்னா நாய் ரோட்டுல இருக்கு. நீங்களே சொல்லுங்களேன், உள்ளயா, வெளியயா?" பெரியவர்களில் ஒருவர் இருமினார். கொழுந்தனார் தன் படியைப் பார்த்தார், அதில் அவருடைய வேட்டிக் கட்டுகள் அடுக்கியிருந்தன. "வெளியதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு கடையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

ஜெயவேலு சார் தந்திரமாகக் கேட்டாரா, நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். மறுநாளே கேட்டும் பார்த்தேன். அதற்குப் பதில் சொல்லாமல், "முந்தாநேத்து படியில உக்காந்தீங்களே, அப்போ செருப்பு போட்டிருந்தீங்களாம்மா?" என்றார். "கல்லாவுல நான் செருப்பு போடறதில்ல சார்" என்றேன். "அப்போ அந்த வேலூரம்மா சொன்னதுலயும் விஷயம் இருக்கு" என்றார்.

கூட்டாளி அந்தப் படியிலேயே, பாதி உள்ளே பாதி வெளியே, பல வருஷம் படுத்து அங்கேயே கண்ணை மூடியது. ஜெயவேலு சார் ஓய்வு பெற்றுக் கீழ்பென்னாத்தூர் போன பிறகும் பௌர்ணமிக்கு வருவார், காபி குடிப்பார், படியைப் பார்ப்பார். ஓட்டலில் நாயை விடலாமா கூடாதா என்று இப்போது பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவருக்கும் கடைசிவரை தெரியாது, தெரியாததில் அவருக்குக் குறையும் இல்லை. இன்றும் கல்லாவில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பித்தளைச் சொம்பு. என் சொம்புதான், ஆனாலும் அவருடையது என்றே தோன்றுகிறது. இப்போது படிக்கு வரும் நாய்களுக்கு அதில் குடிக்கத் தண்ணீர் வைக்கிறோம். வெள்ளிக்கிழமை அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தபோது, ஒரு கறுப்பு நாய் படிக்குக் கீழே நின்றிருந்தது. குழாய்த் தண்ணீர்தான், ஆறவைக்க ஒன்றுமில்லை. அப்படியும் கீழே வைப்பதற்கு முன் நடுவிரலை அதில் விட்டுப் பார்த்தேன்.