வாசமில்லை என்று மதினி எழுதியது

ஜின் இருக்கிறதென்று மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புளியமரத்தில் கண்டேன், கபுறுகள் இருக்கும் மையவாடிப் பக்கம் சத்தம் கேட்டேன் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

கொரோனா தொடங்கிய காலம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் சாம்பிராணித் தூள் கலந்து, டப்பாக்களில் அடைத்து, இணையக் கடையொன்றில் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு சிட்டிகை தணலில் போட்டால் பக்கத்து வீட்டார் வந்து என்ன விசேஷம் என்று கேட்பார்கள், அப்படி மணக்கும். வாங்கியவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு நல்லதாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ரிவியூக்கள் மாறின. வாசமே இல்லை, வெறும் புகை, ஏமாற்று வேலை என்று எழுதினார்கள். முதலில் கொழும்பிலிருந்து வந்தது, பிறகு கண்டி, பிறகு எங்களுக்குக் கிட்டிய ஊர்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே தூளைத் தணலில் போடுகிறேன், வீடே மணக்கிறது, நம்பாமல் மறுபடியும் போடுகிறேன்.

"உனக்கென்ன விசரா? நல்லாத்தானே மணக்குது," என்றார் என் கணவர் றியாஸ்.

பிறகுதான் இந்தக் கொரோனா வருத்தம் வந்தால் மூக்குக்கு வாசம் தெரியாதென்று ரேடியோவில் ஒரு டொக்டர் சொன்னார். குறை எழுதியவர்களின் ஊர்களைத்தான் கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். சரி, இதுவரைக்கும் விளங்காதது ஒன்றுமில்லை. அவர்களுக்கு வருத்தம், அதனால் மணக்கவில்லை. இதற்குப் பிறகு நடந்ததுதான் பிடிபடவில்லை.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போனைப் பார்த்தால் புதிய ரிவியூ. பெயர் சுபைதா. படமும் அவருடையதுதான், றியாஸின் ராத்தா, அவருக்கு மூத்தவர், வரிப்பத்தான்சேனையில் இருக்கும் என் மதினி. "ஒரு வாசமும் தெரியல்ல. உம்மாவக் கூட்டிப் போனது நல்லதாப் போச்சு" என்று எழுதியிருந்தது.

உம்மா என்றால் றியாஸின் தாய், என் மாமி, முட்டு வருத்தக்காரி, மூச்செடுக்கவே கஷ்டப்படுபவர். அவரை யாரும் எங்கேயும் கூட்டிப் போகவில்லை, மதினியோடுதான் இருந்தார். சாம்பிராணியும் நான் மதினிக்குக் கொடுத்ததே இல்லை. உடனே போன் எடுத்தேன்.

"மதினி, என்ட சாம்பிராணியப் பத்தி ஏதும் எழுதினீங்களா?"

"நான் அதக் கண்ணாலயும் காணல்லியே பஸ்மியா. தாறன் தாறன் எண்டு சொல்லிக்கிட்டுத்தானே இரிக்காய்," என்று சிரித்தார். "உம்மா இஞ்ச தேத்தண்ணி குடிக்கிறா, கதைக்கிறயா?"

மாமியோடு என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. அந்த வீட்டுக்கும் வருத்தம் வரப்போகிறதோ என்று பயந்து, மாமியைக் கூட்டிவருவோம் என்றேன். யாரோ மதினியின் போனை நோண்டியிருப்பார்கள், இதற்காக உம்மாவை இழுத்துக்கொண்டு வருவதா என்று றியாஸ் ஏசினார். எனக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் அவரை வற்புறுத்தி த்ரீவீலில் ஏறிப் போய், பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று பொய் சொல்லி மாமியைக் கூப்பிட்டேன். மதினியின் முகம் வாடிப்போனது.

"நான் உம்மாவ நல்லாப் பாக்கல்ல எண்டு நினைக்கிறயா?"

கொண்டுபோன டப்பாவை அவர் கையில் வைத்துவிட்டு, மாமியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை முடியும் முன்பே மதினி வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். மதினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் வைத்தார்கள். மாமி எங்கள் வீட்டில் தஸ்பீஹ் மணியோடு அழுதுகொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், மதினியும் தப்பிவிட்டார். பூட்டியிருந்த பாதை திறந்த பிறகு பார்க்கப் போனேன்.

"பஸ்மியா, உன்னட்ட ஒரு மாப்புக் கேக்கணும்," என்றார். "காய்ச்சல் தொடங்கின அண்டைக்கு உன்ட சாம்பிராணியப் போட்டன், ஒரு மணமும் இல்ல. கோவத்துல கடையில எழுதிட்டன். மறுகா உம்மா இஞ்ச இல்லாத நிம்மதியில அதையும் சேத்து எழுதினன்."

"எப்ப எழுதினீங்க மதினி?"

"நீ உம்மாவக் கூட்டிப் போன பிறகுதான். அதுக்கு முந்தி எப்பிடி எழுதுற?"

அவரே போனை எடுத்துக் காட்டினார். அதே வசனம். அவர் பெயரில் அந்த ஒன்றுதான் இருந்தது. அதன் கீழே இருந்த திகதி, நாங்கள் மாமியைக் கூட்டிவந்ததற்கு முதல் நாள். மதினி அதைக் கவனிக்கவில்லை, நானும் காட்டவில்லை.

அதை வாசித்ததால்தான் நான் மாமியைக் கூட்டிவந்தேன். நான் கூட்டிவந்ததால்தான் அவர் அதை எழுதினார். திகதி பிழைத்திருக்கும் என்கிறார் றியாஸ். பிழைத்திருக்கட்டும், அப்படியென்றால் மாமி மதினி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அன்றைக்கு, அஸருக்குப் பிறகு நான் வாசித்தது என்ன?

வியாபாரம் இன்னும் நடக்கிறது. ரிவியூ வந்தால் முதலில் பெயரைத்தான் பார்க்கிறேன். தெரிந்தவர்களின் பெயராக இருந்தால், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்காமலே அந்த வீட்டுக்குப் போன் எடுக்கிறேன்.