தாலிக்கயிற்றில் ஒரு பைக் சாவி

செஞ்சி சிறுகடம்பூரில் பிளவுஸ் தைக்கும் மங்கையின் தாலிக்கயிற்றில் இரண்டு ஊக்கும் ஒரு பைக் சாவியும் தொங்கும். ஊக்கு எல்லாப் பெண்களிடமும் உள்ளதுதான். சாவி அவள் புருஷன் வீரமணியுடையது. ஒரு காலத்தில் இருங்காட்டுக்கோட்டை மைதானத்தில் பைக் ரேஸ் ஓட்டிக் கோப்பை வாங்கிய மனுஷன், இப்போது எங்கே போனாலும் நடைதான், இல்லையென்றால் டவுன் பஸ்தான்.

மங்கையைக் குறை சொல்லிப் பயனில்லை. வீரமணியோடு ரேஸ் ஓட்டியவர் ராமகிருஷ்ணன். காற்றாய்ப் பறந்த காலத்தில் அவருக்கு ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவர், பால் பாக்கெட் வாங்க மொபெட்டில் போனார். குறுக்கே பன்றி ஓடியது. அவ்வளவுதான். சாவு என்ன, மைதானத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டா வரும்? அன்றைக்கே மங்கை சாவியைப் பிடுங்கி ஊக்கில் கோத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் புருஷனுக்குப் போன் போடுவாள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். போன மாதம் ஒரு காக்கை வீரமணியின் தலையில் அடித்துவிட்டுப் பறந்தது. காக்கை அடித்தால் உயிருக்குக் கண்டம். ஆள் செத்துவிட்டதாக உறவுக்குப் பொய்ச்சேதி சொல்லி அழவைத்தால்தான் அது கழியும்.

"அனந்தபுரத்துல உன் தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடலாம்யா. அழுதுட்டா சரியாப் பூடும்" என்று கெஞ்சினாள் மங்கை.

"பொய் சொல்லி நாகம்மாவ அழவைக்கணுமா? போடி, உனக்கு வேற வேல இல்ல" என்று அவர் சிரித்துவிட்டார்.

இந்த வாரம் இன்னொரு இடி. வல்லத்தில் சுந்தரமூர்த்தி, அவரும் பழைய ரேஸ்காரர், வரப்பில் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனார். சேர்ந்து ஓட்டிய மூவரில் இருவர் போயாயிற்று, மிச்சம் வீரமணி ஒருத்தர்தான். காலையிலேயே அவர் பஸ் ஏறி வல்லம் போனார். மங்கை மாலை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பின்னால் போனாள். வழியில் போட்ட போனை அவர் எடுக்கவில்லை.

வல்லம் கூட்டுரோட்டில் இறங்கினாள். எதிரே ஆளுயர பேனர். கண்ணீர் அஞ்சலி. அதில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு சிரிப்பது வீரமணி! கீழே யார் பெயர் எழுதியிருக்கிறது என்று எவள் படிப்பாள்? மாலை மண்ணில் விழுந்தது. மங்கை நடுரோட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். ஷேர் ஆட்டோவில் கூட வந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

டீக்கடையிலிருந்து வீரமணி டம்ளரோடு ஓடிவந்தார். "இன்னா மங்க, சுந்தரத்துக்கா இவ்ளோ அழுவுற?"

மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து முதுகில் ஒன்று வைத்தாள். "போன எடுக்கமாட்டியா நீ?"

"சாவு மேளத்துல ஒண்ணும் கேக்கலடி."

விசாரித்ததில், வீரமணியும் சுந்தரமூர்த்தியும் சேர்ந்து நின்ற பழைய போட்டோவைச் செத்தவர் மகன் இளவரசன் பேனர் கடைக்கு அனுப்பி, "சோத்துக்கைப் பக்கம் இருக்கறவரு நைனா" என்றானாம். அவன் சொன்னது போட்டோவில் நிற்பவர்களின் சோத்துக்கை. கடைக்காரர் தன் சோத்துக்கைப் பக்கம் இருந்தவரை வெட்டி ஒட்டிவிட்டார்.

அதற்குள் பேனர் வாட்ஸப்பில் அனந்தபுரம் வரை போய்விட்டது. "எண்ணா!" என்று தலைவிரி கோலமாக ஆட்டோவில் வந்து இறங்கினாள் நாகம்மாள். அண்ணனைக் கண்டதும் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றாள்.

இழவு வீட்டு வாசலில் சிரிக்கக் கூடாது. மங்கை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தங்கச்சி அழுதாயிற்று, பொண்டாட்டி அழுதாயிற்று, யாரும் பொய் சொல்லவில்லை. கண்டம் கழிந்தது! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் அவள் உள்ளே போய் சுந்தரமூர்த்திக்காக மனசார அழுதாள்.

சாயங்காலம் வீட்டில் தலைமுழுகிவிட்டு வந்த வீரமணி டீ கேட்டார். மங்கை ஊக்கைப் பிரித்துச் சாவியை எடுத்தாள்.

"பால் இல்ல. வண்டியில போய் ஒரு பாக்கெட் வாங்கினு வா."

அவர் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாக்குற? ஹெல்மெட்ட மாட்டினு போ."

பைக் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது. மங்கை அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு டம்ளர்களைக் கழுவினாள்.