ஏப்ரல் பனியில் பூட்டிய பாய்லர்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். நான், என் கணவர், ஏழு மாதக் கைக்குழந்தை. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர்களும் யாழ்ப்பாணத்தவர்கள்தான், எங்களுக்கு வெகுகாலம் முந்தி லண்டனுக்கு வந்தவர்கள்.

வீடு முழுவதையும் சூடாக்க ஒரே பாய்லர். அது படிக்குக் கீழிருந்த அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. மார்ச் முடிந்ததும் வீட்டுக்காரர் அதை நிறுத்தி, "இனி ஸ்பிரிங் தானே" என்று பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்களுடைய முன்னறையில் தனியாக ஒரு கேஸ் ஹீட்டர் இருந்தது. எங்களுக்கு எதுவும் இல்லை.

ஏப்ரலில் ஒரு நாள் விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. முதல் நாள் வெயிலில் உலர்த்திய குழந்தையின் நாப்பித் துணிகள் கொடியிலே பலகை மாதிரி விறைத்துத் தொங்கின. குழந்தைக்கு இரண்டு நாளாகவே சளி. அன்று காலை கையைத் தொட்டேன், ஐஸாக இருந்தது. இருந்த மூன்று சுவெட்டரையும் போட்டு, என்னுடைய கோட்டுக்குள் அதை வைத்துச் சுற்றிக்கொண்டேன்.

பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்த கணவர், ரயில் ஓடாததால் நடந்தே வந்து சேர்ந்தார். சப்பாத்து தெப்பமாக நனைந்திருந்தது.

"கீழ போய் பாய்லரைப் போடச் சொல்லுங்கோ" என்றேன்.

"ஏனப்பா வீண் பிரச்சினை? வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப் போட்டாரெண்டால் எங்க போறது? நீர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பொறுக்கலாம், குழந்தையை எப்படிப் பொறுக்கச் சொல்வது? அவர் ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

முன்னறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. வீட்டுக்காரர் கையில்லாத பெனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெனியனைக் கண்டதும்தான் என் கோபம் எல்லை கடந்தது.

"அண்ணை, பிள்ளைக்குச் சுகமில்லை. பாய்லரைப் போடுங்கோ."

"ஏப்ரலில ஆரும் பாய்லர் போடுறதே, தங்கச்சி? நாளைக்குக் கரைஞ்சு போயிடும். இன்னும் ஒரு கம்பளியைப் போர்த்து விடுங்கோ."

"போர்க்கிறதுக்கு இனி ஒண்டும் இல்லை."

"அதுக்கு நான் என்ன செய்ய ஏலும்?"

ஹீட்டருக்கு முன்னால் கார்ப்பெட்டில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னை.

"சண்டைக்கு வந்தனீங்களோ?"

"இல்லை, அண்ணை. இருக்க வந்தனான். மேல சூடு வந்தால் போறன்."

அவர் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். கணவனை நிமிர்ந்து பார்க்காமலே, "திறப்பை எடுங்கோவன்" என்றாள். அவர் எழுந்து போனார். அலுமாரி திறக்கும் சத்தமும் பாய்லர் பற்றும் சத்தமும் கேட்டன. தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டே எழுந்தேன்.

மேலே ரேடியேட்டர் சுடத் தொடங்கியது. குழந்தை தூங்கியது. என் கோபமும் அத்தோடு தீர்ந்திருக்கும். ஆனால் மத்தியானம் என் கணவர் கீழே போனார். படியில் நின்ற எனக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவ விளங்காமல் கதைச்சுப் போட்டா. மனசில வைச்சிருக்காதேங்கோ, அண்ணை."

மேலே வந்தவரிடம் சொன்னேன். "அந்த மனுசனிலும் பார்க்க எனக்கு உங்களிலதான் கோபம்."

பனி இரண்டு நாளில் கரைந்தது, பாய்லர் மறுபடி நின்றது. நான் என் கணவரோடு ஒரு கிழமை முழுவதும் பேசவில்லை.

ஜூனில் வெஸ்ட் ஈலிங்கில் வேறு வீடு கிடைத்தது. சாமான்களை வான் வண்டியில் ஏற்றும்போது வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார்.

"ஏதும் குறை இருந்தால் மறந்து போடுங்கோ, தங்கச்சி."

"குறை இருக்குது, அண்ணை. மறக்க மாட்டன்" என்றேன்.

வீட்டுக்காரர் என் கணவரைப் பார்த்தார். கணவர் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, இந்த முறை எனக்காக மன்னிப்பு ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறினார்.