கண்டிக்குக் கிளம்பாத பிக்கப்

அந்தப் பிக்கப் சனியனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்துப் போட்டதை நான் வாங்கி, ரத்தோட்டையில் வைத்துக்கொண்டு மரக்கறி ஏற்றினேன். ஏற்றத்தில் கொதிக்கும். மழை பெய்தால் இருமும். இடதுபக்கக் கதவைக் கயிற்றால் கட்டித்தான் ஓட்ட வேண்டும். சாவிக்குப் பதில் ஆணியைச் செருகித் திருப்பினாலும் ஓடும். அதனால் அந்தக் காலத்து டிரைவர்மார் செய்ததையே நானும் செய்தேன். வண்டியை நிறுத்தியதும் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரோட்டரைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பேன். கட்டைவிரல் அளவுச் சாமான். அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது, எந்தக் களவாணியாலும் வண்டியைக் கிளப்ப முடியாது.

இந்தியாவுக்குப் போக மனுப் போட்டிருந்தோம். போட்டிருந்தேன் என்பதுதான் சரி. தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். இங்கே பிறந்து இங்கேயே உழைத்தும், எதற்குப் போனாலும் பிரஜாவுரிமைச் சீட்டு எங்கே என்றார்கள். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. ஏதாவது ஒரு நாட்டுச் சீட்டு என் கையில் இருக்க வேண்டும் என்று நின்றேன். விசாரணைக்குப் புருஷனும் பெண்சாதியும் கண்டிக்கு நேரில் வர வேண்டும், வராவிட்டால் மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அதுவரை சொல்லிவந்ததைப் போலவே என் மனைவி இந்தியாவுக்கு வரமாட்டேன் என்றாள். வாயை மூடு என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று விடிந்ததும் ரோட்டரை மாட்டி ஐந்து நிமிஷம் எஞ்சினைச் சூடாக்கினேன். நன்றாகத்தான் உறுமியது. அணைத்துவிட்டு, மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திரும்பி வந்தால், அவளும் நல்ல சேலை உடுத்தி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை அழுத்தினேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. முதல் பஸ் அதற்குள் போய்விட்டிருந்தது, அடுத்ததைப் பிடித்தால் விசாரணை நேரம் தாண்டிவிடும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொனட்டைத் தூக்கினேன். பேட்டரியில் குறையில்லை, லைட் பளிச்சென்று எரிந்தது. அடுத்தது பெட்ரோல். பம்புக் குழாயைக் கழற்றி அவளை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள். பெட்ரோல் சீறி என் வேட்டியில் பாய்ந்தது. கார்புரேட்டரைத் திறந்து ஊதினேன். ஒன்றுமில்லை.

அப்போதுதான், எல்லாரும் நானா என்று கூப்பிடும் பக்கத்துக் கடை முஸ்லிம் முதலாளி மேல் சந்தேகம் வந்தது. கடை வாசலை மறைத்து வண்டி நிறுத்துகிறேன் என்று அவருக்கும் எனக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. டேங்கில் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று முடிவுகட்டி, தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பாட்டுக்குக் கடைப் பலகைகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சினில் வைத்துப் பார்த்தேன். பொறி இல்லை. கரண்டை ஏற்றிக் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் வயரை இழுத்துப் பிடித்தால் நீலப் பொறி பட்டென்று பாய்ந்தது. காயில் வரைக்கும் வருகிற கரண்ட் பிளக்குக்குப் போகவில்லை என்றால் நடுவில் இருப்பது டிஸ்ரிபியூட்டர்தான். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன் நானே திறந்து மூடிய மூடி அது. அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது என்று பிளக் வயர்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கண்டி தூரமாகிக்கொண்டே போனது.

கடைசியில் நானாதான் இறங்கி வந்தார். "டேங்கில தண்ணி ஊத்தியிருந்தா பம்புலயே தெரிஞ்சிருக்குமே தம்பி. அந்த மூடியக் கழட்டிப் பாருங்க," என்றார்.

கழற்றினேன். உள்ளே ரோட்டர் இல்லை.

இத்தனை சரியாகச் சொல்கிறவன்தான் எடுத்திருப்பான் என்று என் புத்தி போனது. என்னைவிடப் பத்து வயது மூத்த மனுஷரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"அவர விடுங்க," என்றாள் என் மனைவி. "எங்கிட்டதான் இருக்கு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ரோட்டரை எடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் அவ்வளவு நேரமும் நான் சொன்னபோதெல்லாம் ஸ்டார்ட்டரை அழுத்தியிருக்கிறாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். நானா குறுக்கே நின்றார்.

"நாலு மாசமா வரலன்னு சொல்றேன்," என்றாள். குரல் ஏறவே இல்லை. "வண்டி கொஞ்சம் முனகினாக்கூட எறங்கி என்னா ஏதுன்னு பாக்குறீங்க. நான் சொன்னா கத்துறீங்க. இந்தாங்க, மாட்டிக்கிட்டு நீங்க போங்க. நான் வரல." ரோட்டரை என் கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

மாட்டினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எப்படியும் ஏறுவாள் என்றுதான் நினைத்தேன். ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்தது. அவள் வரவில்லை. நானே அணைத்தேன்.

மனு தள்ளுபடியானது. எந்த நாட்டிலும் பேரில்லாமல் எத்தனையோ வருஷம் கிடந்தோம். நானாவிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாரம் ஆனது. அவளோடு மூன்று மாதம் பேசவில்லை. பிறகு பேசினோம், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தோம், கிழடானோம். அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஆனால் ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று அவளிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.